உளநலத்துக்குப் பேர் போடுவது யார்?

இலங்கை மலையகத்தின் ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கென எழுதப்படும் உளநலத் திட்ட விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். மாதம் இருமுறை நகரத்திலிருந்து ஓர் உளவளத்துணையாளர் வருவார். வாரத்தில் இரண்டு மாலைகள் பெண்களுக்கு யோகாவோ ஏரோபிக்ஸோ நடக்கும். இளைஞர்களுக்குக் கரப்பந்தும் வலையும் வாங்கித் தரப்படும். தோட்டத்திலிருந்து இருபது தொண்டர்களைத் தெரிந்தெடுத்து மூன்று நாள் பயிற்சி கொடுப்பார்கள். காலம் பதினெட்டு மாதம், மிஞ்சினால் இரண்டு வருடம். முடிவில், வந்தவர்களின் தொகையும் புகைப்படங்களும் சேர்ந்து ஓர் அறிக்கையாகும்.

இப்படி ஒரு திட்டத்துக்குக் காசு கொடுக்கலாமா, கொடுப்பதென்றால் அதில் எந்தப் பகுதிக்குக் கொடுக்க வேண்டும் என்பதை எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. தேவையைப் பற்றி எனக்கு ஐயமில்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 கணக்கில் நாட்டின் வறுமை வீதம் 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8. அதற்குப் பிறகு 2021 உரத் தடை, 2022 பொருளாதார நெருக்கடி, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு சரிந்த மலைகள் என்று அடிக்கு மேல் அடி விழுந்திருக்கிறது. தூக்கமில்லாதவர்களும், குடியை விட முடியாதவர்களும், பிள்ளை பெற்று மாதங்கள் கழிந்தும் எழுந்து நடமாட மனமில்லாத தாய்மாரும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். திட்டம் வேண்டும். எழுதப்படுகிற மாதிரியிலேயே வேண்டுமா என்பதுதான் வழக்கு.

மலையகத்துக்குள்ளிருந்தே எழும் மறுப்பை முதலில் கேட்க வேண்டும். சம்பளத்தைக் கூட்டுங்கள், காணியும் வீடும் கொடுங்கள், மனது தானாகச் சரியாகும் என்று சொல்பவர்கள் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர்கள் பக்கம் கனமான சான்று உண்டு. இலங்கையில் தற்கொலை வீதம் 1995-இல் இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது. அது பின்னர் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாக இறங்கியதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் முதன்மைக் காரணம், கொடிய நச்சுப் பீடைகொல்லிகளை 1984 முதல் ஒவ்வொன்றாகத் தடைசெய்துவந்த அரசின் முடிவு. தோட்டங்களில் தாராளமாகப் புழங்கிய பரகுவாட் களைநாசினி 2008-க்கும் 2011-க்கும் இடையில் விலக்கப்பட்டது. ஓர் அதிகாரியின் மேசையில் எடுத்த முடிவு, ஆயிரம் உளவளத்துணையாளர்களால் காப்பாற்ற முடியாத உயிர்களைக் காப்பாற்றியது. இதை ஒப்புக்கொள்ளாமல் உளநலத் திட்டம் பேசுவது நேர்மையாகாது.

ஆனாலும் இந்த மறுப்பு முழுவதையும் நான் ஏற்கவில்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை 2015-இல் எழுந்தது. நடைமுறைக்கு வந்தது 2021 மார்ச்சில். அந்த ஆறு வருடத்தில் பிரசவித்து மனச்சோர்வில் விழுந்த ஒரு தாயிடம், கூட்டு ஒப்பந்தம் முடியும்வரை பொறுத்திரு என்று சொல்ல முடியாது. சம்பளம் கூடிய பிறகும் அவளுக்குத் துணை தேவைப்படலாம். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு உயிர் தப்பியவர்களுக்கு வீடும் வேண்டியிருந்தது, பேசுவதற்கு ஆளும் வேண்டியிருந்தது. ஒன்று கிடைக்கும்வரை மற்றதை நிறுத்திவைக்க எந்த நியாயமும் இல்லை.

இருந்தும் அந்த மறுப்பிலிருந்து ஒரு நிபந்தனையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். தாங்கிக்கொள்ளப் பழக்குகிற திட்டம் தோட்டத்துக்கு வேண்டாம். பத்துப் பெண்கள் தனித்தனியே வந்து ஒரே மேற்பார்வையாளரின் பேச்சையும் நடத்தையையும் பற்றி அழுதால், பத்துப் பேருக்கும் மூச்சுப் பயிற்சி சொல்லி அனுப்புவது சிகிச்சையாகாது. அவர்கள் சம்மதித்தால் அந்த முறைப்பாட்டைத் தொழிற்சங்கத்துக்கோ தொழில் திணைக்களத்துக்கோ கொண்டுபோகும் வழி திட்டத்துக்குள் எழுத்தில் இருக்க வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் காசில் மட்டுமே நடக்கும் திட்டத்தால் இதைச் செய்ய முடியுமா? என் கணிப்பில் முடியாது.

உடற்பயிற்சிப் பகுதிக்கு வருவோம். மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி உதவும் என்பது வெறும் நம்பிக்கை இல்லை. 218 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட பகுப்பாய்வில் நடை, மெல்லோட்டம், யோகா, தசைப் பயிற்சி எல்லாம் பலன் காட்டின. சேர்க்கப்பட்ட ஆய்வுகள் பலவற்றின் தரம் உறுதியானதல்ல என்பதையும் ஆசிரியர்களே சொல்லியிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி வளர்ந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. ஒரு கொழுந்துக்காரி இந்த அளவைத் திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் முடித்துவிடுகிறாள்.

அதனால் அவள் உடல் நலமாக இருக்கிறதா? கொப்பன்ஹேகனில் 104,046 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வொன்றை அந்திரேயாஸ் ஹோல்டர்மன் குழுவினர் 2021-இல் வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்து உடலியக்கம் கூடியவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைந்தன. வேலையில் உடல் உழைப்பு கூடியவர்களுக்கு இரண்டும் கூடின. டென்மார்க்கின் கணக்கை அப்படியே டிக்கோயா மலைக்கு ஏற்றிவிட முடியாது. அது அவதானிப்பு ஆய்வு, காரணத்தை நிறுவுவதும் இல்லை. என்றாலும் அதற்குச் சொல்லப்படும் விளக்கம் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். தன் விருப்பத்துக்கு வேகத்தை மாற்ற முடியாத, நினைத்தபோது நிற்க முடியாத, மறுநாளுக்குள் களைப்பு ஆறாத உழைப்பு உடலைப் பலப்படுத்துவதைவிடத் தேய்க்கவே செய்யும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டு, சரிவில் நின்று நாளுக்கு 18 கிலோ என்று பல தோட்டங்களில் பழகிப்போன இலக்கு, தலையிலிருந்து தொங்கும் பாரம், நிறுவை, மாலையில் தண்ணீர், விறகு, அடுப்பு, பிள்ளைகளின் பாடம். இதற்கு நடுவில் ஐந்து மணிக்கு யோகா வகுப்பை வைத்தால், வருகிறவள் சமையலைப் பின்னுக்குத் தள்ளித்தான் வர வேண்டும். வராதவளை அறிக்கை ஆர்வமில்லாதவள் என்று எழுதும்.

எனவே கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு மாலை உடற்பயிற்சி என்ற பகுதியை நான் நிராகரிக்கிறேன். அதற்கு ஒதுக்கும் காசு வேறு மூன்றுக்குப் போகலாம்: முதுகு, கழுத்து, முழங்கால் வலியைப் பார்க்க ஓர் இயன்மருத்துவர் மாதம் ஒருமுறை மலைக்கு வருவது; பாரம் தலையில் இழுக்காத பையைப் பரீட்சித்துப் பார்ப்பது; வேலை நேரத்துக்குள்ளேயே, கூலி வெட்டாமல், உட்கார ஓர் அரைமணி. பெண்கள் விளையாட விரும்பவில்லை என்று நான் சொல்லவில்லை. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் கயிறிழுக்க இறங்கும் அம்மாமாரின் ஆரவாரத்தைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அந்த விளையாட்டு லீவு நாளில் நடக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க அன்று ஆள் இருக்கும். விளையாட்டு வேண்டுமென்றால் முதலில் அந்த நிலைமையை உண்டாக்க வேண்டும்.

ஆண்கள், இளைஞர்கள் விஷயத்தில் என் தீர்ப்பு வேறு. கொழும்புக் கடைகளில் வேலை செய்து திரும்பிவந்த, அல்லது பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கும் பையன்களுக்கு மைதானம் ஓர் அவசியம். அதைவிட முக்கியமான காரணமும் இருக்கிறது. ஒரு லயத்தின் சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். டிஸ்பென்சரி வாசலில் உளவளத்துணை அறை என்று பலகை மாட்டினால், யார் உள்ளே போனார்கள் என்ற செய்தி அவர் வெளியே வருவதற்குள் மேல்பிரிவுக்குப் போய்விடும். கரப்பந்து ஆடப் போகிறவனை யாரும் கவனிப்பதில்லை. ஆட்டம் முடிந்து மைதான ஓரத்தில் ஓர் அண்ணனோடு உட்கார்ந்து பேசினால் அதற்கு யாரும் பெயர் சூட்டுவதும் இல்லை. இந்த மறைவைக் கொடுக்கிறது என்பதற்காகவே விளையாட்டுக்குச் செலவழிக்கலாம். மஸ்கெலியாப் பக்கத்தில் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் முழுவதும், மார்கழி தொடங்கி வைகாசி வரை, பையன்கள் நல்லதண்ணிக் கடைகளில் இருப்பார்கள். வைகாசிக்குப் பிறகு மழை மைதானத்தை எடுத்துக்கொள்ளும். வருடம் முழுவதும் வாரத்துக்கு இரண்டு அமர்வு என்று கொழும்பில் போட்ட அட்டவணை இங்கே ஓடாது. ஆட்டத்துக்கு ஒரு பருவமும், கூரைக்குக் கீழே கரம், தப்பு, கூத்துப் பயிற்சி என்று இன்னொரு பருவமுமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். காமன் கூத்து தோட்டத்து இளைஞர்களைப் பல நாட்கள் இரவில் ஒன்றுகூட்டி ஆடவும் பாடவும் வைக்கிறது. வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்து வருவதற்கு முன் அதை நடத்தும் வாத்தியாரோடு பேசிப் பார்க்கலாம்.

இந்த மலைகளில் நடப்பதற்கு வெளிநாட்டு நிதி வராமலும் இல்லை. கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பெக்கோ நடைபாதை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடும் அமெரிக்க உதவியோடும் 22 கட்டங்களாக உருவானது. சுற்றுலாப் பயணி நடப்பதற்கு வழி அமைத்ததில் எனக்குக் குறை இல்லை. பாதையோரத் தோட்டத்துக்கு அதனால் வருமானமும் வரலாம். அந்தப் பாதை கடந்துபோகும் தோட்டத்தில் ஒரு பிள்ளை பந்தாட மட்டமான நிலம் இருக்கிறதா என்று அதே அக்கறையோடு யாராவது கேட்டிருக்க வேண்டும்.

உளவளத்துணைப் பகுதியில் சான்றுகள் உறுதியாக இருக்கின்றன. ஆனால் அவை சொல்வது என்ன என்பதை விண்ணப்பக்காரர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். கோவாவில் விக்ரம் படேலும் சங்காத் நிறுவனமும் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்த ஆய்வு 2017-இல் லான்செட்டில் வந்தது. மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர்க்காரர்கள், கடும் மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டுத் தடவை பேசி, விட்டுப்போன அன்றாடக் காரியங்களை ஒவ்வொன்றாக மறுபடி தொடங்க உதவினார்கள். மூன்று மாதத்தில் குணமடைந்தவர்கள் அந்தத் தரப்பில் 64 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39. அளவுமீறிக் குடிக்கும் ஆண்களிடம் இதே போன்ற உள்ளூர்த் துணையாளர்கள் பெற்ற பலன் 36 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 26. பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் ஆதிஃப் ரஹ்மானின் குழு மனச்சோர்வுள்ள 903 தாய்மாரிடம் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. பிள்ளை பிறந்து ஆறு மாதத்தில், துணை பெற்றவர்களில் 23 சதவீதத்தினரிடமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது; மற்றவர்களில் 53. சிம்பாப்வேயின் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா 2006-இல் தொடங்கிய நட்பு இருக்கையில், கிளினிக் முற்றத்து மர இருக்கையில் அமர்ந்து பாட்டிமார் கேட்டார்கள். 24 கிளினிக்குகளில் 573 பேரிடம் செய்து 2016-இல் வெளியான ஆய்வு அந்த முறையின் பலனை உறுதிப்படுத்தியது.

இவற்றிலிருந்து விண்ணப்பங்கள் எடுத்துக்கொள்வது, பட்டதாரி உளவியலாளர் இல்லாமலும் நடத்தலாம் என்ற பாடம். அது சரியான பாடம்தான். எடுத்துக்கொள்ளாமல் விடுவது, அந்த ஆட்களுக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள் என்பதை. பாகிஸ்தானில் வீடு வீடாகப் போனவர்கள் அரசின் பெண் சுகாதாரப் பணியாளர்கள். ஹராரே பாட்டிமார் மாநகரச் சுகாதாரத் துறையில் ஏற்கனவே பணியில் இருந்தவர்கள். கோவாவில் ஆய்வு நிதியே சம்பளம் கொடுத்தது. மூன்று இடத்திலும் அவர்களுக்கு மேலே தொடர்ந்து மேற்பார்வை இருந்தது. தொண்டர்களை மூன்று நாள் பயிற்றிவிட்டு லயத்துக்குத் திருப்பி அனுப்புவதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் தேடினால் கிடைக்காது.

தொண்டு முறைக்கு இலங்கையில் பெருமைக்குரிய முன்மாதிரி இருக்கிறதே என்று கேட்கலாம். ஜோன் டி மெல் 1974-இல் தொடங்கிய சுமித்ரயோ என்ற உளத்துணை அமைப்பு, ஊதியம் பெறாத நண்பர்களின் காதுகளை நம்பியே அரை நூற்றாண்டு நடந்திருக்கிறது. அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் வாரத்தில் சில மணி நேரத்தை இலவசமாகக் கொடுக்க, அந்த நேரம் ஒருவரின் கையில் மிச்சமிருக்க வேண்டும். நாட்கூலிக்காரியிடம் கேட்கும் இலவச நேரம் அவள் கூலியிலிருந்தோ தூக்கத்திலிருந்தோதான் வரும். ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலிப் பதிவு, போனால் அன்றைய அடுப்பில் அது தெரியும்.

தோட்டத்தில் யாருக்கு ஏற்கனவே சம்பளம் இருக்கிறது? குடும்பநல மருத்துவ மாதுவை எல்லோரும் அறிவார்கள், தாய்மார் நம்புகிறார்கள். ஆனால் பல பிரிவுகளில் கிளினிக், தடுப்பூசி, வீட்டுத் தரிசனம் என்று அவர் கையில் இடமில்லை. பிள்ளைக் காம்பராவின் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் தாய்மாரைத் தினமும் இரண்டு தடவை பார்க்கிறார். யாருடைய முகம் எப்போது வாடியது என்று முதலில் தெரிவது அவருக்குத்தான். நலன்புரி உத்தியோகத்தரிடம் வாகன வசதியும் பதிவேடும் உண்டு, ஆனால் அவர் நிர்வாகத்தின் ஆள். தனக்கு வேலைக்குப் போக மனமில்லை என்பதைத் துரையின் அலுவலகத்தில் இருப்பவரிடம் யார் சொல்வார்கள்? தொழிற்சங்கத் தலைவருக்கும் இதே சிக்கல் மறுபக்கத்திலிருந்து வருகிறது. ஒரு தோட்டத்தில் மூன்று சங்கம் இருந்தால், ஒரு தலைவரின் வீட்டுத் திண்ணைக்கு மற்ற இரண்டு சங்கத்தார் வரமாட்டார்கள். கோயில் கமிட்டி சங்க வேறுபாட்டைத் தாண்டுகிறது. சாதியையும் ஆண்களின் ஆதிக்கத்தையும் தாண்டவில்லை. ஆகவே சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆட்களை இனங்கண்டு அனுப்புகிறவராக இருக்கட்டும். பேசுகிற வேலைக்கு ஒரு பெண்ணும் ஓர் ஆணுமாக இரண்டு தோட்டத்துப் பிள்ளைகளைச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும். மஸ்கெலியாவில் டீ லீஃப் விஷன் என்ற நிறுவனம் தோட்ட இளைஞர்களுக்கு ஆங்கிலத்தோடு உணர்வு நலத்தையும் பாடமாகக் கற்பித்து வருகிறது. இந்த வேலைக்குத் தகுதியான இளம் ஆட்கள் மலையகத்தில் இல்லை என்ற சாக்கு இனி எடுபடாது.

மேற்பார்வை இல்லாவிட்டால் இது ஆபத்தான வேலை. 2005-ஆம் ஆண்டின் தேசிய உளநலக் கொள்கை அங்கொடை மனநல வைத்தியசாலையில் குவிந்திருந்த சேவையை மாவட்டங்களுக்குப் பரப்ப முனைந்தது. உளநல வைத்திய அதிகாரிகள் என்ற பதவி அதில் முக்கிய பங்கு வகித்தது. டிக்கோயா கிளங்கனில் 2017 மே மாதம் திறந்த, இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் ஆதார வைத்தியசாலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தூரம் என்று வரைபடத்தில் சொல்வது வேறு. ஓட்டோக் கூலி, போன ஒரு நாள் பேர், தமிழ் தெரியாத வைத்தியரிடம் தாயின் துயரை மகன் மொழிபெயர்க்கும் சங்கடம் எல்லாம் அந்தத் தூரத்தோடு சேரும். துணையாளர் நோயாளியோடு கூடவே போக வேண்டும். அந்தப் பயணச் செலவு திட்டத்தில் இருக்க வேண்டும். இரவில் ஒருவர் சாகப் போகிறேன் என்று சொன்னால் 22 வயதுத் துணையாளர் யாரை அழைப்பார்? தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. அதற்கு மேலே, பெயர் தெரிந்த ஒரு மேற்பார்வையாளரும் இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை எழுத்தில் காட்டாத விண்ணப்பத்துக்கு ஒரு சதமும் கொடுக்கக் கூடாது.

இப்போது காசு. 500 குடும்பம் உள்ள ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் நிர்ணயமான 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை அடிப்படையாக வைத்து, மாதம் 25 பேர் வீதம் இரண்டு துணையாளருக்கு ஆண்டுக்கு 810,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் சேர்த்தால் 931,500. பயிற்சி, தொலைபேசி, போக்குவரத்து, மேற்பார்வையாளரின் வருகை என்று மூன்று இலட்சம் வைத்தால் மொத்தம் 12 இலட்சத்து 31 ஆயிரத்துச் சொச்சம். ஒரு குடும்பத்துக்கு மாதம் ஏறக்குறைய 205 ரூபாய். எட்டாத தொகை இல்லை.

விண்ணப்பங்களில் எழுதப்படாத ஒரு செலவும் இருக்கிறது. 100 பெண்கள் வாரம் ஒரு மணி நேரம் கூட்டத்தில் இருந்தால், எட்டு மணி நேர நாளின் கணக்கில் மணிக்கு 168 ரூபாய் 75 சதம் வீதம், ஐம்பது வாரத்துக்கு 843,750 ரூபாய். இரண்டு துணையாளரின் அடிப்படைச் சம்பளத்தைவிடக் கூட. இந்தத் தொகை இன்றைய திட்டங்களில் பூச்சியமாக நிற்பதற்குக் காரணம், அதைப் பெண்கள் தங்கள் மாலைப் பொழுதிலிருந்து கட்டுகிறார்கள் என்பது. ஒரு திட்டத்துக்கு மிகப் பெரிய நிதி கொடுப்பவர்கள் அவர்களே. அறிக்கையில் அவர்கள் பயனாளிகள் என்று மட்டும் குறிக்கப்படுகிறார்கள். இதைக் கணக்கில் ஏற்றியவுடன் திட்டத்தின் உருவமே மாறும்: பெரிய கூட்டங்கள் குறையும், தேவையுள்ள ஒருத்தியைத் தேடிப்போய்ச் சந்திக்கும் நேரம் கூடும், நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய முதல் பொருள் பணத்துக்குப் பதிலாகச் செக்ரோலில் (தோட்டத்து வரவுப் பதிவேட்டில்) பதியும் மணி நேரமாக இருக்கும்.

இந்தப் பன்னிரண்டு இலட்சம் எங்கிருந்து வரலாம்? வெளிநாட்டுத் திட்ட நிதி எளிதாக வரும், எளிதாகவே போகும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை ஒரே ஆணையில் நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில் அதன் உதவி முகவரகமே மூடப்பட்டது. அந்த நிதியில் தங்கியிருந்த அமைப்புகள் உலகெங்கும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. பேரிடருக்குப் பின் வரும் உளசமூக நிதியின் ஆயுளும் பேரிடர்ச் செய்தியின் ஆயுளைத் தாண்டுவது அபூர்வம். பாதிப் பேச்சில் துணையாளர் காணாமற்போவது, தொடங்காமலே இருந்ததைவிடக் கேடானது. ஏமாந்தவர் அடுத்த தடவை வாய் திறக்கமாட்டார்.

உழைப்பாளர் சந்தா இன்னொரு வழி. சம்பளத்தில் சங்கச் சந்தாவும் கோயில் பணமும் பிடிப்பது தோட்டத்துக்குப் பழக்கமானது. மரண உதவிச் சங்கத்துக்கு மாதாமாதம் கொடுப்பதை யாரும் சுமையாகச் சொல்வதில்லை, ஏனெனில் தன் வீட்டு வாசலிலும் ஒருநாள் அந்தக் காசு வந்து நிற்கும் என்று தெரியும். உளநலத்துக்கும் ஒரு குடும்பம் மாதம் 20 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 120,000. செலவில் பத்தில் ஒரு பங்கு. நீலகிரியின் கூடலூரில் அஷ்வினி அமைப்பு ஆதிவாசிகளுக்கென 1992 முதல் மருத்துவக் காப்புறுதி நடத்திவருகிறது. அங்கும் உறுப்பினர் பங்குத்தொகை முழுச் செலவைத் தாங்கியதில்லை, வெளி உதவி தேவைப்பட்டே வந்தது. ஆனால் பங்கு கொடுத்த சமூகம் ஆஸ்பத்திரியிடம் கேள்வி கேட்கும் உரிமையைப் பெற்றது. சந்தாவை நான் ஆதரிப்பது அந்த உரிமைக்காக மட்டும். சந்தாவால் திட்டம் சொந்தக் காலில் நிற்கும் என்று வாக்குக் கொடுப்பவர், 33.8 சதவீத வறுமையிலிருந்து வசூலிக்கப் பார்க்கிறார்.

பெருந்தோட்டக் கம்பனிகளும், 1992-இல் உருவான பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் பொறுப்பிலிருந்து விலக முடியாது. கம்பனியின் வாதம் ஒன்று உண்மையானது: 1992-இல் மூன்று இலட்சத்தைத் தாண்டியிருந்த தொழிலாளர் தொகை இன்று பாதிக்கும் கீழே போய்விட்டது, லயத்தில் வசிப்பவர்களில் பலர் அதன் செக்ரோலில் இல்லை. அப்படியானால் தொழிலாளர்களின் மணி நேரத்தையும், அறையையும், பையையும், இயன்மருத்துவரையும் கம்பனி ஏற்கட்டும். துணையாளரின் சம்பளம் அதன் கையில் இருக்க வேண்டாம். யார் வந்து பேசினார்கள் என்ற பதிவேடு எந்த நாளிலும் தோட்ட அலுவலகத்துக்குள் போகக் கூடாது. ஃபெயார்டிரேட் சான்று பெற்ற தோட்டங்களில் தொழிலாளர் தெரிவுசெய்யும் குழுவின் கையில் மிகைத்தொகை இருக்கிறது. அது நல்ல ஊற்று. விற்பனையோடு ஏறி இறங்குவதால் சம்பளத்துக்கு நம்ப முடியாது, பயிற்சிக்கு நம்பலாம். ஏற்றுமதித் தேயிலைக்குக் கிலோவுக்கு 10 சதம் அறவிட்டால் ஆண்டுக்குச் சுமார் இரண்டரைக் கோடி ரூபாய் தேறும் என்ற யோசனையையும் போட்டுப் பார்த்தேன். ஆனால் நாட்டின் தேயிலையில் பெரும் பங்கை விளைவிப்பவர்கள் சிறுதோட்டக்காரர்கள். காலியிலும் இரத்தினபுரியிலும் அரை ஏக்கர் வைத்திருப்பவரின் பச்சைக் கொழுந்து விலையிலிருந்து கம்பனித் தோட்டத்தின் கடமையை நிறைவேற்றுவது நியாயமில்லை.

மிஞ்சுவது அரசு. 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை செலவழிப்பதைத் தடுத்து வைத்திருந்தது. மூன்று தசாப்தம் கழித்து 2018-இல் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று புதிய சபைகளும் இயங்கத் தொடங்கின. சபைகளின் வருமானம் சிறிது. சம்பளத்தைச் சுமத்தினால் முதல் நெருக்கடியிலேயே வெட்டிவிடும். மைதானத்தை மட்டப்படுத்துவதும், மின்விளக்குப் போடுவதும், மழைக்கு ஒரு மண்டபம் கட்டுவதும் அவற்றின் அளவுக்குப் பொருந்தும். அந்த வேலைக்குத் தொண்டு நிதியைச் செலவிடுவது சபையின் கடமையைத் தள்ளிப்போட உதவுவதாகும். துணையாளரின் சம்பளம் மாகாணச் சுகாதாரத் திணைக்களத்துக்கு உரியது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்பது 1990-களில் தொடங்கி இன்னும் முடியாத காரியம். உளநலம் அதற்குள் ஒரு வரியாகவேனும் எழுதப்பட வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. இன்றுள்ள மாதிரியில் வரும் விண்ணப்பத்துக்கு நிதி கொடுக்கக் கூடாது. அதே தொகையைக் குடிதண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் கொடுத்தால் கூடுதலான மன நிம்மதி கிடைக்கும் என்றே நம்புகிறேன். இரண்டு துணையாளருக்குச் சம்பளமும் மேற்பார்வையும் மூன்று வருடத்துக்கு வங்கியில் முன்கூட்டியே வைத்துவிட்டுத் தொடங்கும் திட்டத்துக்குக் கொடுக்கலாம். ஐந்து தோட்டத்தில் ஒரு வருடத்துக்கு நடத்துவதைவிட ஒரே தோட்டத்தில் ஐந்து வருடம் நடத்துவது மேல். மூன்றாம் வருடம் முடியுமுன் மாகாணச் சுகாதாரத் திணைக்களம் ஒரு துணையாளரையாவது தன் சம்பளப் பட்டியலில் ஏற்க எழுத்தில் உடன்பட வேண்டும். உடன்படாவிட்டால் புதியவர்களைச் சேர்க்காமல், இருப்பவர்களின் பேச்சை முறையாக முடித்து, தேவைப்பட்டவர்களைக் கிளங்கன் கிளினிக்கில் கையளித்துவிட்டு மூட வேண்டும். மூடுவதற்கான செலவும் முதல் நாளே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

வந்தவர்களின் தலையை எண்ணுவதை நிறுத்திவிடலாம். முதல் தடவை பேசியவர்களில் எத்தனை பேர் மூன்றாம் தடவையும் வந்தார்கள், வைத்தியசாலைக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள், வந்ததால் யாருக்காவது அரைப்பேர் வெட்டப்பட்டதா என்ற மூன்று கணக்குகள் போதும். மூன்றாவது கணக்கில் ஒரு பெயர் விழுந்தாலும், அடுத்த தவணைப் பணம் விடுவதற்கு முன் நிதி கொடுப்பவர் பெரிய துரையோடு உட்கார்ந்து அந்த அரைப்பேரை வாங்கிக் கொடுக்க வேண்டும்.